கிலோ சீனிக்கு நூறு டீ

டீக்கடைக்காரனுக்குச் சில கணக்குகள் மனப்பாடம். அதில் ஒன்று, ஒரு கிலோ சீனிக்குச் சுமார் நூறு டீ. கை தாராளமான மாஸ்டர் நின்றால் எண்பதிலேயே டப்பா காலியாகிவிடும். ஆக, ஒரு கிளாஸில் விழுவது 10 கிராம். சின்னக் கரண்டியால் இரண்டரைக் கரண்டி. சாத்தூரில் பஸ் ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் டீ ஆற்றிக் கொடுத்தே என் காலம் போனது. தினம் ஐந்து டீ குடிக்கிற ஆள் எங்களுக்கு நல்ல வாடிக்கை. அவர் வயிற்றுக்குள் நாங்கள் தினமும் 50 கிராம் சீனியை அனுப்பிக்கொண்டிருந்தோம். அதையே ஒரு தட்டில் கொட்டி, சாப்பிடுங்கள் அண்ணாச்சி என்று நீட்டியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் எல்லா நாட்டுக்கும் ஓர் அளவு சொன்னது. உடம்புக்கு ஒரு நாளில் சேரும் மொத்தச் சக்தியில், மேலே சேர்க்கிற சீனியின் பங்கு பத்தில் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். இருபதில் ஒன்றுக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்றது. இருபதில் ஒன்று என்றால் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். எங்கள் கடைக் கணக்குப்படி மூன்றாவது டீயில் அந்த வரம்பு தாண்டிவிடும். பிஸ்கட்டு, பன், ஜூஸ் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்குச் சுகர் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் பலருக்கும் இருக்கிறது, அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இதை எழுதுவது இருபதிலும் முப்பதிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் இருக்கிறதாம். அதற்கு முந்தைய படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேலாம். அந்தப் பதின்மூன்று கோடியில் நீங்களும் இருக்கலாம். உடம்பில் ஒரு அறிகுறியும் காட்டாமலே இருக்கலாம்.

சீனியைக் குறைக்க மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதியவர், கறி இல்லாமல் சோறு இறங்காதவர், எல்லாரும் ஒரு மண்டலம் அசையாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் திடீரென்று வைராக்கியம் எங்கிருந்து வந்தது? சாமி மேல் உள்ள பயம் ஒன்று. அதோடு வீட்டில் கறி எடுப்பதில்லை, கூட்டாளிகள் சிகரெட் நீட்டுவதில்லை, கடைக்காரன்கூட "சாமி, பால் தரவா?" என்றுதான் கேட்பான். சுற்றியுள்ள எல்லாமே அவருக்கு ஏற்ற மாதிரி மாறிவிடுகிறது. மாலையைக் கழற்றிய மறுநாள் அதே ஆள் அதே பெட்டிக்கடை வாசலில் நிற்பார். மனசு மாறவில்லை, ஏற்பாடு கலைந்துவிட்டது. சீனிக்கும் அப்படி ஓர் ஏற்பாடுதான் தேவை.

முதலில் குடிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். தின்பதைப் பிறகு பார்க்கலாம். மென்று தின்பதற்கு வயிறு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும், போதும் என்று சொல்லும். குடிக்கிற சீனிக்கு அந்தக் கணக்கு சரியாக விழுவதில்லை. ஒரு பாட்டில் கோலா குடித்ததற்காக யாரும் மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைப்பதில்லை. கரைந்த சீனியைத் தடுத்து நிறுத்த நார்ச்சத்தும் கிடையாது. சீக்கிரமே ரத்தத்தில் ஏறிவிடும். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். தினம் ஒன்றிரண்டு இனிப்புப் பானம் குடிப்பவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26 பங்கு கூடுதல் என்று 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. மூன்று லட்சம் பேருக்கு மேல் பார்த்துச் சொன்ன முடிவு அது.

டீயில் எப்படிக் குறைப்பது என்பதைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். பல கடைகளில் மாஸ்டர் கிளாஸை வரிசையாக வைத்து முதலில் சீனியைத்தான் போடுவார். அதற்கு மேல்தான் பாலும் டிகாக்ஷனும். எனவே டீ கைக்கு வந்த பிறகு "சீனி கம்மியா" என்பதில் பயனில்லை. "சரி, கலக்காமத் தர்றேன்" என்பார். சூட்டில் பாதி அதற்குள் கரைந்திருக்கும். கடைக்குள் கால் வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் "அரைச் சீனி" போதும். அப்புறம் அதிலும் பாதி. அதற்கப்புறம் "ஒரு வித்தவுட்" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு பெரிதாக முரண்டு பிடிக்காது. ஒரேயடியாக நிறுத்துகிறேன் என்று கிளம்பியவர்கள் பலர் நாலாம் நாள் "வழக்கம்போலப் போடுங்க" என்று வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நல்ல தூளில் போட்ட டீ சீனி இல்லாமலும் மணக்கும். மட்டமான தூளின் கசப்பை மறைக்கத்தான் சீனி அதிகம் வேண்டியிருக்கிறது என்பது எங்கள் தொழில் ரகசியம்.

அலுவலகத்துக்குக் கேனில் வருகிற டீயில் சீனி முன்பே கலந்திருக்கும். பட்டனைத் தட்டினால் ஊற்றுகிற மெஷினிலும் பெரும்பாலும் சீனி சேர்ந்த பொடிதான். அங்கே குறைக்கச் சொல்ல ஆளே இல்லை. அந்த இடத்தில் டீயை விட்டுவிட்டு, கீழே இறங்கிப் போய் ஒரு கடையில் கேட்டு வாங்கிக் குடியுங்கள். நாலு எட்டு நடந்ததாகவும் இருக்கும்.

ஜூஸ் கடை விஷயத்தில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறீர்கள். ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று நாலு பழம் போகும். சக்கை குப்பைக்கு, சாறு டம்ளருக்கு, அதற்கு மேல் இரண்டு கரண்டி சீனி. ஒரே உட்காரலில் நாலு சாத்துக்குடியை உரித்துத் தின்ன யாராலும் முடியாது. குடிக்க ஒரு நிமிஷம் போதும். பழமாகவே ஒன்றை வாங்கி உரித்துத் தின்னுங்கள். அட்டைப் பெட்டியில் வருவது இன்னும் மோசம். அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துச் செய்ததை "நூறு சதவீதப் பழச்சாறு" என்று விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 ஜூனில் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதே வருஷம் ஏப்ரலில், பாலில் கலக்கிற சத்துமாவு வகையறாக்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைக்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது. பிள்ளை வளரட்டும் என்று அம்மாமார் கரைத்துக் கொடுப்பதில் சீனி எவ்வளவு என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு.

ரோஸ்மில்க், பன்னீர் சோடா, நன்னாரி சர்பத் மூன்றுக்கும் அடியில் ஊற்றுவது சீனிப்பாகுதான், சாயமும் வாசமும்தான் வேறு. சர்பத் கடையில் அதே எலுமிச்சம்பழத்தை உப்புப் போட்டுச் சோடாவில் பிழியச் சொல்லலாம். நீர்மோர் இருக்கவே இருக்கிறது. இளநீரிலும் கொஞ்சம் சர்க்கரை உண்டு, ஆனாலும் கோலாவுக்கு அது எவ்வளவோ மேல். சுகர் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மதுரைக்குப் போய் ஜிகர்தண்டா குடிக்காமல் வா என்று சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. மூன்று பேர் போனால் ஒன்று வாங்கிப் பங்கிட்டுக் குடியுங்கள்.

இனி, நொறுக்குத்தீனி. எங்கள் வட்டாரத்துக்காரன் இதைப் பற்றிப் பேச வாய் கூசும். ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, இன்னொரு பக்கம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், தெற்கே போனால் திருநெல்வேலி அல்வா, கடலோரம் திரும்பினால் தூத்துக்குடி மக்ரூன். எங்கள் ஊர்க் காராச்சேவு சும்மாவா? இனிப்பைத்தானே விடச் சொன்னார்கள், காரம் தின்னலாமே என்று சேவுப் பொட்டலத்தைப் பிரிக்கிற ஆட்கள் உண்டு. மாவும் எண்ணெயும் எடையைக் கூட்டும், எடை கூடக் கூட இன்சுலின் வேலை செய்யத் திணறும். ஆனால் இதே சாத்தூருக்கு வெள்ளரிக்காயிலும் பேர் உண்டு. ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக வாங்கித் தின்ற பண்டம் அது. சுகர்க்காரனுக்கு அதைவிடத் தோதான நொறுக்குத்தீனி எனக்குத் தெரியாது.

நாலு மணிப் பசி எங்கிருந்து வருகிறது என்று என் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காலையில் ஒன்றும் தின்னாமல் ஓடிவந்த பையன்தான் பன்னையும் தேங்காய் பிஸ்கட்டையும் மாறி மாறிக் கேட்பான். காலையில் முட்டையோ பயறோ சேர்த்து ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவன் ஒரு டீயோடு எழுந்து போய்விடுவான். பையில் ஒரு டப்பா சுண்டலோ வறுத்த கடலையோ இருந்தால் பேக்கரிக் கண்ணாடி அலமாரி அத்தனை கூப்பிடாது. ஏற்பாடு என்றேனே, அது இதுதான். வீட்டிலும் மிக்சர் டப்பா கையெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. வாங்காமலே இருந்தால் இன்னும் உத்தமம். யாருக்காவது ஆசை வந்தால் கடைக்கு நடந்து போய் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கித் தின்னட்டும். பாதிப் பேர் நடக்கச் சோம்பல்பட்டே விட்டுவிடுவார்கள்.

"சுகர் ஃப்ரீ" என்று எழுதிய பிஸ்கட்டிலும் மைதா உண்டு, மைதா உள்ளே போய்ச் சர்க்கரையாகத்தான் மாறும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக எழுதியிருக்கும். முதல் இரண்டு மூன்று இடத்தில் சீனியோ, குளுக்கோஸ் சிரப்போ, இன்வெர்ட் சிரப்போ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் பற்றிக் கேட்பீர்கள். கருப்பட்டிக் காபி எனக்கும் பிடிக்கும். வாசமும் கொஞ்சம் தாது உப்பும் அதில் கூடுதல். ஆனால் ரத்தத்துக்குள் போனபின் அதுவும் சர்க்கரையே. வெள்ளைச் சீனியை நிறுத்திவிட்டேன் என்று நாட்டுச்சர்க்கரையை இரண்டு மடங்கு போடுகிறவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சுகர் திடீரென்று இறங்கிவிடும். 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. சுமார் 15 கிராம், அதாவது மூன்று நாலு டீஸ்பூன் சீனி கரைத்த தண்ணீரைக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். சீனியைக் குறைத்துவிட்டேன் என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. அப்புறம், சின்னப் பிள்ளைக்குச் சுகர் வந்தால் "மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்துட்டீங்க" என்று அந்தத் தாயிடம் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகை. அதற்கும் மிட்டாய்க்கும் சம்பந்தமில்லை. இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங் பிறந்த நவம்பர் 14ஐத்தான் உலக நீரிழிவு நாளாக வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அன்று குழந்தைகள் தினம் என்று பள்ளிக்கூடம் தோறும் மிட்டாய் கொடுக்கிறோம்.

இதெல்லாம் செய்தால் பலன் உண்டா என்பவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர், சுகருக்கு முந்தைய படியில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வை 2006இல் வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சுகர் வந்துவிட்டது. சீனியையும் மாவுப் பண்டத்தையும் குறைத்து, தினம் நடக்கவும் பழகியவர்களில் அது 39. எல்லாரும் தப்பித்துவிடவில்லை, ஆனாலும் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பித்தது சின்ன விஷயமா?

ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் மட்டும் இரண்டு நாள் பட்டினி கிடந்து நல்ல எண் வாங்குகிற கெட்டிக்காரர்கள் எங்கள் காலத்தில் இருந்தார்கள். இப்போது மூன்று மாதச் சராசரி பார்க்கும் சோதனை வந்து அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஒழித்துவிட்டது. அதில் 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.4 வரை எச்சரிக்கை, 6.5 தொட்டால் சுகர். வெறும் வயிற்றில் பார்ப்பதானால் 100க்குக் கீழே, 125 வரை, 126 முதல் என்று அதே மூன்று படி.

நோய் வந்தவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது. வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள்தான் தாமாக எழுந்து போக வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தால், முப்பது வயது ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஒரு நாள் காலையில், டீகூடக் குடிக்காமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கே காசு வாங்குவதில்லை.