பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி... பட்டாசு மண்ணில் கல்லூரிகள்!

விருதுநகர் என்றால் எண்ணெய் பரோட்டா, சிவகாசி என்றால் பட்டாசு. இரண்டு ஊருக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்தான். இந்தக் கரிசல் மண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. 2023-ல் தேர்ச்சி 97.85 சதவிகிதம்!

உலைக்கு முன் ஒரு பிடி

விருதுநகரில் காமராஜர் நினைவு இல்லத்தைப் பார்க்க வருபவர்கள், அவர் படித்த சத்திரிய வித்யாசாலா பள்ளியின் கதையையும் கேட்டுவிட்டுப் போகலாம். அன்று உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்ற காசில்தான் பள்ளி நடந்தது. வியாபாரிகள் கொடுத்த மகமையும் கைகொடுத்தது.

ஆறு வயதில் அப்பாவை இழந்த காமராஜர், ஆறாம் வகுப்போடு நின்று ஜவுளிக்கடை வேலைக்குப் போனார். பின்னாளில் முதல்வராகி, 1956-ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கினார்.

தொழிலும் படிப்பும்

சிவகாசியை நெருங்கினால் பொட்டல் வெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள் கண்ணில் படும். ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இடைவெளி.

இந்தத் தொழிலே ஒரு படிப்பில்தான் ஆரம்பித்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பின்னர் 1963-ல், அய்ய நாடார் - ஜானகி அம்மாள் பெயரில் கல்லூரி வந்தது. 1968-ல் ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி. மத்தாப்பின் வெள்ளை ஒளிக்கு அலுமினியப் பொடி வேண்டும். அந்தப் பொடியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரோடு 1984-ல் மெப்கோ ஸ்லெங்க் பொறியியல் கல்லூரி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு மதுரை சாலையில் போனால் கிருஷ்ணன்கோவில். 1984-ல் கல்லூரியாகத் தொடங்கி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் இங்கேதான் இருக்கிறது. செவித்திறன், பேச்சுத்திறன் குறைந்த மாணவர்களுக்கெனத் தனிப் பொறியியல் வகுப்பு நடத்திய வளாகம் இது.

ஆராய்ச்சி எரிய வைக்கும் அடுப்பு

இங்கே ஆராய்ச்சி என்பது நூலகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. பட்டாசுக்குப் பச்சை நிறம் தருவது பேரியம்தான். அடுத்த ஆண்டே மத்திய அரசின் 'நீரி' ஆய்வு நிறுவனம், புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கான கலவைகளைக் கொண்டுவந்தது. சோதனைக்கூடத்தில் ஒரு கலவை மாறினால், இங்கே பல்லாயிரம் வீடுகளின் வருமானம் மாறும்.

கட்டணம் கட்டும் நாள்

2012 ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. சம்பாதித்தவர் போன வீட்டில் அடுத்து நிற்பது பிள்ளையின் படிப்புதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால், பெற்றோரை இழந்த பிள்ளைக்கு அது மட்டும் போதுமா?

2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதல்வர் மு.க.ஸ்டாலின், பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். முதல்கட்டமாக 5 கோடி ரூபாய் நிதி.

ஊர் கொடுத்த பிடி அரிசி அன்றைக்கு ஒரு பள்ளியையே நடத்தியது. இந்த நிதியும் கட்டணம் கட்டும் நாளுக்கு முன்பே பிள்ளைகளின் கைக்கு வந்து சேர வேண்டும். அப்போதுதான் அப்பா அம்மா வேலை பார்த்த அதே அறைக்குப் பிள்ளையும் போகாமல் இருக்கும்!