ராமன் போட்ட கோல்

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் பந்து விளையாடும் பையன்களின் முதுகில் மெஸ்ஸி, எம்பாப்பே. ஒருவனாவது 'ராமன்' என்று போட்டுக்கொள்ளக் கூடாதா?

1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக் கால்பந்து. எதிரில் பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, 70ஆவது நிமிடத்தில் சமன் செய்தவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அதுதான். கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்டோம் (ஒன்றை உதைத்தவர் சைலன் மன்னா, அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்!). ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொன்று போட்டது. 2-1.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக் கொடியின் கீழ். நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1இல்தான். சட்டப்படி எங்கள் தாத்தாக்கள் ஜெயித்த கட்சி!

அந்த ஒலிம்பிக் அணியில் இருந்த அகமது கானும் தன்ராஜும் பின்னாளில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் 'பஞ்ச பாண்டவர்' எனப்பட்ட ஐந்து முன்கள ஆட்டக்காரர்களில் இருவர் ஆனார்கள். ராமனுக்கு அப்படியொரு பட்டம் வாய்க்கவில்லை. பட்டம் கிடைத்திருந்தாலும், அந்தக் காலத்தில் பந்தை மட்டும் நம்பி அடுப்பு எரியாது. ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது பட்டாளம், ரயில்வே, ஆலை. பின்னாளில் இந்தியாவுக்கு ஆடிய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் மெட்ராஸ் ரெஜிமென்டிலிருந்து வந்தவர்தானே.

பெங்களூர் நண்பர்களே, உங்கள் ஊர்க்காரர் ராமன் ஆடியதைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.