ஒரு சாண் மணல்

ஆலா என்றால் நம்மில் பலருக்குக் கடற்பறவை. சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கடல் கிடையாது, காவிரி இருக்கிறது. அதில் ஆற்று ஆலா இருக்கிறது. மஞ்சள் அலகு, பிளந்த நீண்ட வால், இனவிருத்திக் காலத்தில் கறுத்துவிடும் உச்சந்தலை. தண்ணீர்மேல் தாழப் பறந்து, சட்டென்று தலைகீழாக விழுந்து, மீனோடு எழும்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு ஏப்ரலில், மோகனூர்ப் பக்கம் ஆற்று மணலில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு ஆலா சிறு மீனைக் குறுக்காகக் கவ்வி வந்து, மணலில் உட்கார்ந்திருந்த மற்றொன்றுக்குக் கொடுத்தது. அன்றிரவே அதைக் கவிதையாக்கிவிட்டேன். மீன் காதலுக்குப் படிமமாயிற்று. நண்பர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள். முட்டை உருவாகப் பெட்டைக்கு இரை வேண்டும் என்பதும், ஆணுக்கு மீன் பிடிக்க வருமா என்று அது பார்த்துக்கொள்கிறது என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. என் கவிதையைவிட மேலான விஷயங்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். இன்னொரு கவிதை கிடைக்கும் என்ற ஆசை. கூடு என்று எதுவும் இல்லை. மாட்டுக் குளம்பு பதிந்தது போல மணலில் ஒரு குழி. மணல் நிறத்தில், பழுப்புத் திட்டுகளோடு மூன்று முட்டைகள். நின்று நோட்டில் எழுதினேன். இரண்டு பறவைகளும் தலைக்குமேல் கத்திக்கொண்டு பாய்ந்தன. கோபம் என்று எழுதினேன். மணி பன்னிரண்டு. செருப்பை உதறியபோது உள்ளங்கால் தாங்கவில்லை. அப்போதுதான் உறைத்தது: இந்த நேரத்தில் பறவை முட்டைமேல் உட்கார்வது சூட்டுக்காக அல்ல, நிழலுக்காக. நான் நிற்கும் வரை அது இறங்காது.

கடலில் இருக்கும் உறவுக்காரர்களுக்கும் இதே பாடுதான். லட்சத்தீவின் பிட்டி மணல் திட்டில் முட்டையிடுகிற, முதுகு கறுத்த ஆலா ஒரே ஒரு முட்டை இடும். சூரை மீன்கள் கீழிருந்து விரட்டுகிற சிறு மீன்களைப் பறந்தபடியே கவ்வும். பறக்கப் பழகிய குஞ்சு பல வருஷம் கரைக்கே திரும்பாது. சமுத்திரம் முழுவதும் தன்னுடையதாக இருந்தும், முட்டையிட அதற்கும் ஒரு சாண் தரை வேண்டும்.

காவிரியில் அந்த ஒரு சாணுக்கும் கெடு உண்டு. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின், டெல்டாப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அடைகாக்க மூன்று வாரம் போல. குஞ்சு பறக்க மேலும் சில வாரம். நெருக்கமான கணக்கு. நாய்களும் மணல் லாரிகளும் எடுத்தது போக மிஞ்சியதில் ஒரு அரை மணியை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த முட்டைகள் பொரிந்தனவா என்று பார்க்கப் போகவில்லை. போனால் மறுபடியும் நிற்பேன். நோட்டில் கோபம் என்ற சொல்லை அடித்தேன். அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.