பரி பயிற்றுவோர் வாழ்வு

தமிழ் இலக்கியம் பயில்வோருள் நளன் கதையை அறியாதார் இலர். சூதினால் நாடிழந்தவன் அவன்; நாடிழந்த பின்னர் வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னனுக்குத் தேர்ப்பாகனாகித் தன் பரிநூல் அறிவால் வாழ்ந்தவனும் அவனே. ஒரே மனிதனைச் சூது வீழ்த்தியது. குதிரைக் கலை தாங்கி நிறுத்தியது. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காணும் கண் நமக்கு வேண்டும். குதிரைப் பந்தயம் என்றதும் முகம் சுளிக்கும் நாம், அதன் பின்னே விடியற்கால இருளில் உழைக்கும் பயிற்றுநரை எண்ணிப் பார்ப்பதில்லை. அவரைப் பற்றிய சில எண்ணங்களே இக்கட்டுரை.

எங்கள் பாகலூர், ஓசூருக்கு அணித்தாய்க் கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர். வீட்டில் உருது, கடைவீதியில் தெலுங்கும் கன்னடமும், பள்ளியில் தமிழ் என வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று தொழிற்சாலைகளாலும் ரோஜாத் தோட்டங்களாலும் அறியப்படும் இவ்வட்டாரத்திற்குக் குதிரையோடு பழைய உறவு உண்டு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் விளங்கும் அரசு கால்நடைப் பண்ணை, 1824 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தம் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தொடங்கியதாகும். என் தாயின் தந்தையார், நாங்கள் நானா என்று அழைத்தவர், பெங்களூரில் ஒரு பந்தயக் குதிரை இலாயத்தில் முப்பதாண்டுக் காலம் குதிரைக்காரராக இருந்தார்.

ஊர்ப் பெரியவர்கள் சிலர்க்கு இது உவப்பாக இல்லை. எங்கள் வீட்டிலேயே 'ரேஸ்' என்னும் சொல்லை உரக்கச் சொல்லமாட்டோம். நானா ஒரு காசும் பந்தயம் கட்டியவரல்லர். எனினும் அவருடைய ஊதியம் ஆகுமானதுதானா என்று ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டாராம். "நான் குதிரைக்குத்தான் தீனி வைக்கிறேன் பாய், சூதுக்கு அல்ல" என்று மட்டும் நானா விடையிறுத்தார் என என் தாயார் கூறுவார்.

பெரியவர்களின் அச்சம் பொருளற்றதன்று. சூதாட்டத்தைத் திருக்குர்ஆன் ஐயத்திற்கிடமின்றி விலக்குகிறது. பந்தயத் திடலில் பணத்தைத் தொலைத்துக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியோரையும் நாம் அறிவோம். குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று 1996 ஜனவரி 12 அன்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அவ்வாறு கூறினும், அதன்மீது பணம் கட்டுவதை நம் மார்க்கம் ஏற்பதில்லை. ஆயின் குதிரைகளை ஓடவிட்டு அவற்றின் திறம் காண்பது வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைகளை ஓடவிட்ட செய்தியை இப்னு உமர் (ரலி) வாயிலாக ஸஹீஹுல் புகாரி தருகிறது. உடலை இறுக்கிப் பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு நெடிய எல்லையும், பயிற்றப்படாதவற்றுக்குக் குறுகிய எல்லையும் வகுக்கப்பட்டன என்பது அச்செய்தி. எந்த உயிரிடத்தும் அதன் பயிற்சிக்கு மேற்பட்டதைக் கேட்கலாகாது என்னும் நெறியை நான் அதில் காண்கிறேன். நல்ல பயிற்றுநரின் அறமும் அதுவே.

அவர் தொழிலின் அருமையைக் குதிரையின் உடலமைப்பே உணர்த்தும். பந்தயக் குதிரை 450 முதல் 500 கிலோ வரை எடையுள்ளது. முழுப்பாய்ச்சலில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவது. அப்போது உடலெடையைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட சுமை ஒரு கணம் ஒரே முன்காலின்மீது விழுகிறது. அக்காலிலோ முழங்காலுக்குக் கீழே தசைப்பற்றே இல்லை. எலும்பும் தசைநாணும் தோலுமே உள்ளன. ஆதலின் பயிற்றுநரின் நாள், விடியுமுன் ஒவ்வொரு குதிரையின் காலையும் கையால் வருடிப் பார்ப்பதில் தொடங்குகிறது. தசைநாணில் சற்றே வெம்மை தோன்றினும் அன்று ஓட்டமில்லை. அடுத்து அவர் நோக்குவது தீனித் தொட்டியை. இரவு வைத்த ஓட்ஸும் தவிடும் மிச்சமிருப்பின் அக்குதிரைக்கு ஏதோ குறை என்பது பொருள். பின்னரே நடை, ஓட்டம், பாய்ச்சல் என்று படிப்படியாகப் பயிற்சி நிகழும். கையில் கடிகாரம் இருக்கும். ஆயினும் குதிரை ஓடி முடித்தபின் அதன் மூச்சு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதையே அனுபவம் மிக்கவர் கருத்தோடு கேட்பர் என்று நானா கூறுவார்.

இவ்வளவு உழைப்பும் எதை நோக்கி? மும்பை மகாலட்சுமித் திடலில் நிகழும் இந்தியன் டெர்பி 1943 இல் தொடங்கியது. 2400 மீட்டர் தொலைவு. ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு வயதுக் குதிரைகளே அதில் ஓடலாம். எனவே ஒரு குதிரைக்கு அவ்வாய்ப்பு வாழ்நாளில் ஒருமுறைதான். பயிற்றுநரோ ஆண்டுதோறும் புதிய குட்டிகளுள் அந்த ஒன்றைத் தேடிக்கொண்டே முதுமை எய்துகிறார். பெங்களூரில் பயிற்றிய ரஷீத் பைராம்ஜி இத்துறையில் ஈடிணையற்றவர். பன்னிரண்டு முறை இந்தியன் டெர்பியை வென்றவர். அவர் பயிற்றிய ஸ்குவாண்டரர் என்னும் குதிரை 1977 ஆம் ஆண்டு டெர்பியில் வென்றது. தான் ஓடிய 19 பந்தயங்களுள் 18 இல் முதலாவதாக வந்தது.

நானா பணிபுரிந்த இலாயத்துப் பயிற்றுநருக்கு அப்பேறு கிட்டவில்லை. அவரும் விடியுமுன் எழுந்தவரே, நாற்பதாண்டு உழைத்தவரே. ஒரேயொரு முறை, டெர்பிக்குரிய குதிரை இதுவே என்று அனைவரும் நம்பிய ஒன்று அவர் கைக்கு வந்தது. பந்தயத்திற்குப் பத்து நாள் இருக்கையில் அதன் இடது முன்காலில் சிறு வெம்மை தென்பட்டது. முதலில் கண்டவர் நானா. "ஊசி போட்டு ஓட்டிவிடலாம்" என்றனர் சிலர். பயிற்றுநர் அக்காலை மும்முறை வருடிப் பார்த்தார். பின்னர்ப் பட்டியலிலிருந்து குதிரையின் பெயரை நீக்கிவிட்டார். உரிமையாளர் சினந்து தம் குதிரைகளையெல்லாம் வேறோர் இலாயத்திற்கு மாற்றிக்கொண்டார். அடுத்த வாய்ப்பு அப்பயிற்றுநருக்கு வரவேயில்லை. "கால் போனால் குதிரைக்கு வேறென்ன இருக்கிறது?" என்று அவர் கேட்டதை நானா பலமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். அவ்வாறு சொல்லும்போது, தம் உற்றார் ஒருவரின் பெருமையைக் கூறுபவர்போல் அவர் நிமிர்ந்து அமர்வார்.

வென்றவர் பெயரை ஏடுகள் காக்கும். வெல்லாதவரை யார் காப்பது? இத்தாலி நாட்டின் ஃபெடரிகோ டெசியோ உலகப் புகழ் பெற்ற பயிற்றுநர். தாம் வளர்த்த ரிபோ என்னும் குதிரையின் முதல் ஓட்டத்தைக் காணாமலே 1954 மே மாதம் அவர் மறைந்தார். அவ்வாண்டு ஜூலையில் களம் புகுந்த அக்குதிரை, ஓடிய 16 பந்தயங்களிலும் தோல்வியே காணவில்லை. உழைத்தவர் ஒருநாள், விளைந்தது மற்றொரு நாள். பைராம்ஜி கண்டார், டெசியோ முழுதும் காணவில்லை, நானாவின் பயிற்றுநருக்கு விளைச்சலே இல்லை. ஆயினும் விடியலில் காலை வருடிய கைகள் மூன்றும் ஒரே தொழிலைத்தான் செய்தன.

ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இதில் சிந்திக்க இடமுண்டு. பல்கலைக்கழகத் தரவரிசையில் முதலிடம் பெறும் மாணவரைத் தேடி நாமும் ஆண்டுதோறும் காத்திருக்கிறோம். ஒவ்வொரு மாணவர்க்கும் இக்கல்லூரி வாழ்வு ஒருமுறைதான். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, பின்வரிசையில் அமர்ந்து, தேர்வு நெருங்க நெருங்க முகம் வாடும் ஒரு பிள்ளையின் வெம்மையை நம் கை உணர்கிறதா? துறையின் தேர்ச்சி விழுக்காட்டிற்காக அப்பிள்ளையை விரட்டுகிறோமா, அல்லது சற்றே நிறுத்தி என்ன குறையென்று கேட்கிறோமா? மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்களை ஓடச் சொல்பவர் பலர் இருப்பர். நீங்கள் நொண்டுவதை முதலில் கண்டு, "இன்று வேண்டாம்" என்று சொல்பவர் ஒரு சிலரே. அவரை அடையாளம் கண்டு போற்றுங்கள்.