கேட்ட பின் பாடுவோம்

நோயுற்றோருக்கு இசை ஆறுதலாகும் என்பதற்குத் திருவிவிலியமே சான்று. மனக்கலக்கத்தால் வருந்திய சவுல் அரசருக்குத் தாவீது யாழ் மீட்டினார். அரசர் ஆறுதல் அடைந்தார் என்று சாமுவேல் முதல் நூலின் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. இதில் நாம் எளிதில் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. யாழ் வாசிப்பவரைத் தேடுவதற்குப் பணியாளர் முதலில் அரசரின் இசைவை வேண்டினர். அவர் இசைந்த பின்னரே தாவீது அழைக்கப்பட்டார்.

செவிலியப் பணிக்குப் புதுவடிவம் தந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், செவிலியம் பற்றி 1859இல் எழுதிய நூலில் இசையையும் மறக்கவில்லை. மனிதக் குரலும் குழலும் போலத் தொடர்ந்து ஒலிப்பவை நோயாளிக்கு இதமளிக்கும். பியானோ போல விட்டு விட்டு ஒலிப்பவை அவ்வாறல்ல என்பது அவர் கணிப்பு. எனினும் செலவு மிகுதியாதலால் மருத்துவமனைகளில் இசையைப் பரவலாக்க இயலாது என்றே அவர் கருதினார்.

இன்று அத்தடை இல்லை. செவிலியரின் கைப்பேசி ஒன்றே போதும். பயனும் ஆராயப்பட்டுள்ளது. 73 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கட்டுரை ஒன்றை 2015இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது. இசை கேட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை.

வழி எளிதானதும் வேறொரு வினா எழுகிறது: யாருடைய பாடல்? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். இத்தகைய பொது மருத்துவமனைக்கு எல்லாச் சமயத்தவரும் வருகின்றனர். ஒருவருக்கு இதமானது அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு இரைச்சலாகலாம். இரவில் நோயாளர் கூடத்தில் ஒலி 30 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1999இல் பரிந்துரைத்தது. காதோடு மெல்லப் பேசும் பேச்சின் அளவே அது.

திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் என் அத்தைக்குத் துணையாக இருந்த நாளில் கண்டதைச் சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு மூதாட்டி. நீரிழிவால் காலில் ஆறாத புண். கட்டுப் பிரிக்கும் நேரம் வந்தாலே நடுங்குவார். செவிலியர் நம் சபையைச் சேர்ந்த இளம்பெண். கோயில் பாடகர் குழுவில் பாடுபவர்.

“ஆயா, என்ன பாட்டு புடிக்கும்? போட்டு உடட்டுமா?”

“எனக்கு நடவுப் பாட்டுதான் கண்ணு தெரியும்.”

“அப்ப நீங்களே பாடுங்க, நான் கேக்குறேன்.”

மூதாட்டி பாடினார். வலியில் குரல் நின்றபோது செவிலியரின் கையும் நின்றது. குரல் எழுந்தபோது கையும் பணியைத் தொடர்ந்தது. வலி மறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவர் நடுங்கவில்லை.

அச்செவிலியருக்குத் தெரிந்த ஞானப்பாடல்கள் எத்தனையோ! அவற்றில் ஒன்றையும் அவர் பாடவில்லை. அதனால் அவர் தம் நம்பிக்கைக்குச் சான்று பகராமல் போனாரா? இல்லை என்பேன். எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவின் தேவை எவர் கண்ணுக்கும் தெரிந்ததே. ஆயினும் ஆண்டவர் முதலில் அவர் விருப்பத்தையே கேட்டார். நோயாளியிடம் உடலைப் பற்றிய முடிவுகள் பலவும் பிறர் கையில் இருக்கின்றன. தமக்கு வேண்டிய பாட்டையாவது, வேண்டாத பாட்டையாவது அவரே சொல்லட்டும். ‘வேண்டாம்’ என்று அவர் சொன்னால், அமைதியாக அருகிருப்பதும் பணியே.

அதே தாவீது, அதே யாழ். ஆயினும் பின்னொரு நாள் சவுல் அவர்மீது ஈட்டியை எறிந்தார். இசை எந்நேரமும் மருந்தாவதில்லை.

பிப்ரவரி 11, உலக நோயாளர் நாள். அன்று நம் பங்கு இளைஞர்கள் மருத்துவமனைகளுக்குப் பாடச் செல்வார்களாயின், செல்லட்டும். பாடல் புத்தகத்தைத் திறக்குமுன், கட்டிலருகே சற்றுக் குனிந்து கேட்கட்டும்.