குருளைப் பருவமும் கிண்ணியாக் கரையும்

நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் 'குருளை' என்னும் பெயர் உரியதெனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துக் கூறும். வீட்டு வாயிலிற் கிடக்கும் நாயின் குட்டியையும் காட்டை ஆளும் புலியின் குட்டியையும் ஒரே பெயரால் அழைத்த அம்மரபு சிந்தனைக்குரியது. வளர்ந்தபின் ஒன்று மனிதனின் காலடியிற் கிடக்கிறது. மற்றொன்று மனிதனைக் கண்டு மறைகிறது. இவ்வேற்றுமை முழுவதும் பிறப்பால் அமைந்ததன்று. நாயின் குட்டியும் உரிய காலத்தில் மனிதரைக் காணாது வளருமாயின் காட்டு விலங்கே ஆகிவிடும்.

வளர்ந்த நாயின்பால் தமிழ் மனம் என்றும் இருநிலைப்பட்டே நின்றிருக்கிறது. நாலடியார் நட்பின் உறுதியை விளக்கும்போது யானையினும் நாயை உயர்த்துகிறது. திருவாசகமோ உயிரின் சிறுமையைச் சொல்ல வருமிடத்து நாயையே உவமையாக்குகிறது. தருமனோடு இறுதிவரை நடந்தது நாய் என்று கதை கேட்டு நெகிழ்ந்தவரே, மறுகணம் தெருவில் நிற்கும் நாயின்மேற் கல்லெறியவும் காண்கிறோம். இவ்விரு மனமும் மிகக் கூர்மையாக வெளிப்படும் ஊர்களுள் ஒன்று திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா.

கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் அணைந்து கிடக்கும் அவ்வூர், பெரும்பான்மையும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊராகும். மீன்பிடியும் நெல்வேளாண்மையும் மாடு வளர்ப்பும் அதன் மூன்று தொழில்கள். 2009ஆம் ஆண்டில் பெரும் பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை' என மக்கள் வழங்கும் மிதவையே அதனைத் திருகோணமலை நகரோடு இணைத்தது. அயலிலுள்ள ஆலங்கேணி போன்ற தமிழூர்களில் நாய் வீட்டு முற்றத்திற் படுக்கும். கிண்ணியா முஸ்லிம் வீடுகளிலோ அது வேலிக்கு அப்பாலேயே நிற்கும். ஆயினும் அது ஊரில் இல்லாமல் இல்லை. கரையிலே மீன் வாடியின் நிழலிலும், வயலிலே காவற் குடிலின் அருகிலும், மாட்டுப்பட்டியின் ஓரத்திலும் நாய்கள் இருக்கவே செய்கின்றன. வீட்டுக்குள் இடமில்லாத ஒன்றுக்குத் தொழிலுள் இடமுண்டு என்பதே ஆங்குள்ள ஏற்பாடு.

இவ்வேற்பாட்டை வெறும் வெறுப்பின் விளைவு எனக் கருதுவோர் அதனை அறியாதாரே. இலங்கை முஸ்லிம்கள் மரபாகப் பின்பற்றும் ஷாபிஈ சட்டநெறியின்படி நாயின் எச்சிலும் ஈரமும் கடுமையான அசுத்தமாகும். அவை பட்ட இடத்தை ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவுதல் வேண்டும். மாலிக்கி நெறியினரோ நாயைத் தூய்மையான உயிராகவே கொள்வர். ஷாபிஈ நெறியிலும், இருபுறமும் உலர்ந்திருக்கும்போது நேரும் தொடுகையால் அசுத்தம் பரவுவதில்லை. வேட்டைக்கும், மந்தையையும் பயிரையும் காப்பதற்கும் நாய் வைத்திருத்தல் அனுமதிக்கப்பட்டதே. குகைத் தோழரின் வரலாற்றைக் கூறும் குர்ஆன், அவர்களோடு வாயிலிற் படுத்திருந்த நாயையும் மறவாது குறிப்பிடுகிறது. தாகித்த நாய்க்கு நீர் வார்த்தவன் மன்னிப்புப் பெற்ற செய்தி நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. ஆகவே விலகியிருத்தல் வேறு, வதைத்தல் வேறு. இவ்விரண்டின் எல்லை கலங்கும்போதே துன்பம் தொடங்குகிறது. அதனை முதலில் அனுபவிப்பது குருளையாகும்.

நாய்க்குட்டியின் கண்கள் ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலே திறக்கின்றன. மூன்றாம் வார அளவிற் காது கேட்கத் தொடங்குகிறது; பாற்பற்களும் முளைக்கின்றன. அப்பொழுதிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம்வரையுள்ள காலமே அதன் வாழ்வை நிருணயிக்கும் பருவம் என அறிஞர் கண்டனர். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்னுமிடத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்திலே ஸ்கொட், புல்லர் என்னும் இருவரும் பல்லாண்டுகள் நடத்திய ஆய்வுகள் 1965இல் நூலாக வெளிவந்தன. அதே நிறுவனத்தைச் சார்ந்த ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் 1961இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். உயர்ந்த வேலி சூழ்ந்த வெளியிலே மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகளை, வெவ்வேறு வயதில் ஒவ்வொரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டனர். ஐந்து முதல் ஒன்பது வாரம் வரையான வயதிற் பழகியவை மனிதரை எளிதில் ஏற்றன. பதினான்கு வாரம்வரை மனிதரையே அறியாதிருந்தவையோ அணுகவொண்ணாத காட்டு விலங்குகள் போலாயின. பின்னர்ப் பழக்க முயன்றபோது கிடைத்த பயன் சிறிதே.

இவ்வாய்வுகள் உணர்த்திய இன்னோர் உண்மை கிண்ணியாவுக்கு மிகவும் ஏற்றதாகும். உணவு கொடுக்கும் கையிடம் மட்டுமே குட்டி பிணைப்புக் கொள்கிறது என்பது பொதுவான எண்ணம். அஃது உண்மையன்று. உணவு வேறு வழியாற் கிடைத்தாலும், தன் முன்னே அமைதியாக வந்துபோகும் மனிதரோடு குட்டி பிணைப்புக் கொள்கிறது. மனிதரின் உருவம், குரல், நடை, மணம் ஆகியவை அச்சமின்றி அதன் உலகிற் கலந்துவிடுதலே இன்றியமையாதது. மடியில் எடுத்து முத்தமிடுவோர்க்கு மட்டும் வாய்க்கும் பேறன்று இது. தொடாது விலகி நிற்கும் ஊரும், துரத்தாது நிற்குமாயின், இதனைச் செய்தல் கூடும்.

மனிதரோடு பழகுதல் குருளையின் கல்வியில் ஒரு பாதியே. மறுபாதியை அதற்குக் கற்பிப்பவை பிற நாய்களே. அக்கல்வி நடைபெறுவது விளையாட்டிலே. அவ்விளையாட்டோ காண்பவர் கண்ணுக்குச் சண்டையாகவே தோன்றும். ஒன்று மற்றொன்றின் கழுத்தைக் கவ்வும், கீழே தள்ளி மேலே ஏறும், உறுமும். ஊரிற் பெரியோர் பலரும் இதனைக் கண்டவுடன் கல்லையோ தடியையோ தேடுவது இயல்பே.

கிண்ணியாக் கரையிலே பின்னேர வேளையில், வலை உலர்த்தும் இடத்தருகே இத்தகைய காட்சி ஒன்று நிகழ்ந்தது. வாடியில் வளரும் இரண்டரை மாதக் குட்டியொன்றை, அதனினும் இருமடங்கு பெரிய நாயொன்று புரட்டியெடுத்துக்கொண்டிருந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கல்லை ஓங்கினான். வலையின் பொத்தலைப் பார்த்துக்கொண்டிருந்த தந்தை தலைநிமிராமலே தடுத்தார்.

"எறியாத மகன். அதுகள் விளையாடுதுகள்."

"இல்ல வாப்பா, பெரிசு கடிக்குது."

"அப்ப பெரிசுட கயித்த ஒருக்காப் புடிச்சு வெச்சுப் பாரு. சின்னது ஓடுதா, திரும்பி வருதா எண்டு."

சிறுவன் பெரிய நாயின் கழுத்திலே தொங்கிய கயிற்றின் நுனியைப் பிடித்து நிறுத்தினான். விடுபட்ட குட்டி உடலை உதறிக்கொண்டது, நான்கடி விலகியது, பின் திரும்பி வந்து, முன்னங்கால்களை மணலில் நீட்டிப் பின்புறத்தை உயர்த்தி, பெரியதன் முகத்துக்கு நேரே குரைத்தது. சிறுவன் கயிற்றை விட்டான். விளையாட்டு மீண்டும் தொடங்கியது.

எழுத்தறிவு குறைந்த அம்மீனவர் சொன்ன சோதனையையே இன்று நாய்களின் நடத்தையை ஆராய்வோரும் பரிந்துரைக்கின்றனர். வலியதைச் சற்று நிறுத்திவைத்தால், மெலியது தானே திரும்பி வருமாயின் அது விளையாட்டு. வாய்ப்புக் கிடைத்தவுடன் ஓடி ஒளியுமாயின் அது துன்பம். முன்னங்கால் தாழ்த்திப் பின்புறம் உயர்த்தும் அவ்விருப்புக்கும் ஆராய்ச்சி வரலாறு உண்டு. சார்ள்ஸ் டார்வின் 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் நாயின் உடல்மொழியை விரிவாக ஆராய்ந்தார். 1970களிலிருந்து மார்க் பெக்கொஃப் என்னும் அமெரிக்க ஆய்வாளர், இவ்வணக்கம் 'இனி நிகழ்வது விளையாட்டே' என அறிவிக்கும் குறி என்று விளக்கினார். கடித்து உலுக்குதல் போன்ற, பிழையாக விளங்கிக்கொள்ளப்படக்கூடிய செயலுக்கு முன்னும் பின்னுமே அவ்வணக்கம் மிகுதியாக நிகழ்வதையும் அவர் 1995இற் காட்டினார். எழுத்திலே நிறுத்தக்குறி செய்யும் பணியை விளையாட்டிலே அது செய்கிறது எனலாம். கிரெகரி பேற்சன் 1955இல் எழுதிய கட்டுரையொன்று இதன் ஆழத்தை எடுத்துக்காட்டுகிறது. விளையாட்டுக் கடி கடியைச் சுட்டுகிறது. ஆனால் கடி சுட்டும் பகையை அது சுட்டுவதில்லை. சொல்லில்லாத உயிரொன்று 'இது மெய்யன்று' எனச் சொல்லத் தெரிந்திருத்தல் வியப்பன்றோ!

விளையாட்டுக்குரிய பிற குறிகளும் உள. வாய் தளர்ந்து திறந்திருக்கும். உடல் வளைந்து நெளியும். துள்ளல் தேவைக்கு மேல் மிகுந்திருக்கும். இடையிடையே இரண்டும் நின்று மூச்சுவிடும். பெரியது தன் வலிமையை அடக்கிக்கொள்ளும்; சிலவேளை தானே மல்லாந்து விழுந்து சிறியதை மேலேற விடும். ஆயினும் இருபுறமும் வெற்றி சரிபாதியாக இருந்தாலன்றி அது விளையாட்டன்று என்பது தவறு. பார்பரா ஸ்மட்ஸ் முதலியோர் செய்த ஆய்வுகளில், மேலோங்குதல் பெரும்பாலும் ஒரே பக்கத்ததாக இருந்தபோதும் விளையாட்டு இனிதே நிகழ்ந்தமை காணப்பட்டது.

மாறாக, உடல் விறைத்து, வாய் மூடி, பார்வை ஒரே இடத்திற் குத்திட்டு நிற்குமாயின் எச்சரிக்கை வேண்டும். வாலை இடுக்கிக்கொண்டு மறைவிடம் தேடும் குட்டியையும், பல நாய்கள் ஒன்றைச் சூழ்ந்து துரத்துவதையும், அலறல் எழுந்தபின்னும் விடாத பிடியையும் விளையாட்டெனக் கொள்ளலாகாது. அங்கு இடையிடல் கடமையாகும். அதனையும் கல்லாற் செய்யாது, உரத்த ஓசையாலோ நீர் தெளித்தலாலோ, கயிற்றால் விலக்குவதாலோ செய்தல் நன்று. கல்லெறி பட்ட குட்டி 'விளையாடியதாற் பட்டது' எனக் கற்பதில்லை. 'மனிதன் வந்தாற் படும்' என்றே கற்கிறது.

இம்முரட்டு விளையாட்டாற் குருளை பெறும் தலையாய பேறு, கடியின் அளவை அறிதலாகும். அதன் இருபத்தெட்டுப் பாற்பற்களும் ஊசிபோற் கூரியவை, தாடையோ வலுவற்றது. ஆதலால் அக்கடி வலிக்கும். ஆனால் பெருங்கேடு செய்யாது. அழுத்திக் கடித்தால் உடன்பிறந்தது கத்தும், விளையாட்டு நின்றுவிடும். எத்துணை அழுத்தினால் ஆட்டம் தொடரும், எத்துணை அழுத்தினால் துணை இழக்கப்படும் என்பதை நூறுமுறை பிழைத்துக் கற்கிறது குட்டி. நான்கு மாதமளவில் அப்பற்கள் விழத் தொடங்கி, நாற்பத்திரண்டு நிலைப்பற்கள் வருமுன்னர் இப்பாடம் முடிதல் வேண்டும். கண் திறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துச் சாக்கிலே கட்டிச் சந்தையோரத்திலோ கடற்கரையிலோ விடப்படும் குட்டிகளுக்கு இப்பாடம் வாய்ப்பதில்லை. அவ்வாறு விடப்படுபவை பெரும்பாலும் பெண் குட்டிகள் என்பதும் நெஞ்சை வருத்தும் செய்தியாகும்.

தெருவிற் பிறக்கும் குருளையின் வாழ்நாளும் உறுதியற்றது. மேற்கு வங்கத்திலே கொல்கத்தாவைச் சார்ந்த ஆய்வாளர்கள் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து அவதானித்து 2016இல் முடிவை வெளியிட்டனர். ஏழு மாதம்வரை பிழைத்தவை 19 சதவீதமே. இறப்புகளிற் பாதிக்கு மேற்பட்டவை மனிதரால் நேர்ந்தவை. அவ்வாறு தப்பிப் பிழைக்கும் சிலவே பின்னர்த் தெருவை ஆள்கின்றன. மனிதரை அஞ்சியே வளர்ந்த நாய் தெருவில் நிற்குமாயின், முதலில் அதனருகே செல்வது பள்ளிக்குச் செல்லும் பிள்ளையே.

இங்கேதான் இப்பொருள் விளையாட்டுப் பொருளன்று என்பது விளங்கும். நாய்க்கடி இலங்கையில் விசர்நாய் நோயின் அச்சத்தோடு பிணைந்தது. 1973ஆம் ஆண்டில் இந்நோயால் 377 பேர் இந்நாட்டில் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதாலும் கடிபட்டோர்க்குச் சிகிச்சை பரவியதாலும், கடந்த பத்தாண்டில் அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே குறைந்துள்ளது. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் ஏறத்தாழ இல்லை. ஆதலாற் கடிபட்டவுடன் புண்ணைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலை செல்லுதல் வேண்டும். தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006இற் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழியெனக் கொள்ளப்பட்டது. ஆனால் நாயின் அருகே எவரும் செல்ல முடியாத ஊரில் ஊசி ஏற்றுவது எங்ஙனம்? மனிதரை ஏற்கப் பழகிய நாயே ஊசிக்கும் நின்று கொடுக்கும். குருளைப் பருவத்திற் காட்டிய அமைதி, ஊரின் உயிர்க்காப்பாகத் திரும்பி வருகிறது.

இதற்குக் கிண்ணியா தன் நெறியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எட்டு வாரம்வரை குட்டியைத் தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் விட்டுவைத்தல், வாடியிலும் பட்டியிலும் மனிதர் நடமாடும் இடத்தில் அதற்கு நிழல் தருதல், இயந்திரப் படகின் ஓசையும் ஓட்டோவின் இரைச்சலும் பாங்கொலியும் அச்சமின்றிக் கேட்க விடுதல், நலமுள்ள, தடுப்பூசி ஏற்றப்பட்ட நாய்களோடு மட்டும் விளையாட விடுதல் ஆகியவை எவருடைய ஆடையையும் நனைப்பனவல்ல. உணவைத் தட்டில் வைத்து விலகி நிற்கலாம், கயிற்றைப் பிடித்து நடத்தலாம், குரலால் அழைக்கலாம். குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டியதும் மிகுதியன்று. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் நெருங்காதிருத்தல், ஓடாது நின்றுவிடுதல், கல்லெடாதிருத்தல் ஆகிய மூன்றும் போதும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. காலம் மட்டுமே வேண்டும். அக்காலமோ மிகக் குறுகியது. தம்பலகாமத்து வயல்களிலே மூன்றரை மாத நெல் விதைத்து அறுக்கும் காலத்தினும் குறைந்த அவ்வொன்பது வாரங்களிலேயே, வேலிக்கு வெளியே நிற்பது காவலனா பகைவனா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.