ரெண்டு பேரும் தாண்டினா?

வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூங்கக் கூடாது. ஸ்ரீரங்கத்துல எங்க பாட்டி வீட்டுச் சட்டம் அது. விடியற்காலை பரமபத வாசல் திறக்கும் வரைக்கும் கண் முழிக்கணும்னு பரமபத அட்டையை விரிச்சிடுவாங்க. போன தடவை நானும் ஹாஸ்டல்ல சொல்லிட்டு 1ஆம் நம்பர் பஸ் பிடிச்சுப் போயிருந்தேன். ரெண்டு மணிக்கு மேல எல்லாரும் சொக்கிப்போனப்போ, சிங்கப்பூர்ல வேலை பார்க்கும் பெரியப்பா மகன் சீட்டுக்கட்டை எடுத்தார்.

"பிளாக்ஜாக் சொல்லித் தரேன். 21தான் கணக்கு, நம்ம கோயில் கோபுரம் மாதிரி."

பாட்டி முறைச்சாங்க. காசு இல்லை, புளியங்கொட்டைதான் என்றதும் விட்டுட்டாங்க.

ரூல்ஸ் அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிடும். 2 முதல் 10 வரை சீட்டில் இருப்பதே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூணுக்கும் 10. ஏஸ் நம்ம வசதிக்கு 1 அல்லது 11. ஆளுக்கு ரெண்டு சீட்டு. டீலரோடதுல ஒண்ணு கவிழ்ந்திருக்கும். 21ஐத் தாண்டாம டீலரை விட அதிகம் வச்சிருந்தா ஜெயிச்சாச்சு. சமம்னா பந்தயம் திரும்பி வரும். நாம எப்ப வேணும்னாலும் இன்னொரு சீட்டு கேட்கலாம், நிறுத்தலாம். டீலர் 16 வரை எடுத்தே ஆகணும், 17 வந்தா நிறுத்தியே ஆகணும். முதல் ரெண்டு சீட்டுலயே 21 வந்தா ஒண்ணுக்கு ஒண்ணரை.

கேட்டா நமக்குத்தான் சாதகம் மாதிரி இருக்குல்ல? அரை மணி நேரத்துல என் 40 கொட்டையும் கரைஞ்சது.

கடைசி ஆட்டம். என்கிட்ட 16. கேட்டேன், 9 வந்தது. அண்ணன் கொட்டையை இழுத்துக்கிட்டார். தங்கச்சி இன்னும் ஆட்டத்துல இருந்ததால அவரும் எடுத்தார். 15 மேல ராஜா.

"அவனும்தானே தாண்டிட்டான்? புள்ளைக்குத் திருப்பிக் குடு" என்றார் பாட்டி.

"இல்ல பாட்டி. இவன் முதல்ல தாண்டிட்டான், போனது போனதுதான்."

"யாரு முதல்ல எடுக்கணும்?"

"எப்பவும் அவங்கதான்."

"பரமபதத்துல பாம்பு எல்லாரையும்தான்டா கடிக்கும்!"

அண்ணன் சிரிச்சார். "அங்க சொந்த ஜனங்க கேசினோவுக்குள்ள போக அரசாங்கமே ஒரு நாளைக்கு 150 டாலர் வாங்குது பாட்டி."

ஹாஸ்டல் வந்து கணக்குப் போட்டேன். டீலர் மாதிரியே நாமும் ஆடினா, ஒவ்வொருத்தரும் தாண்டுவது சுமார் 28 சதவீதம். ரெண்டு பேரும் சேர்ந்து தாண்டுவது கிட்டத்தட்ட 8. அந்த 8ம் டீலருக்கு. ஒண்ணரை மடங்கு 2 சொச்சத்தைத் திருப்பித் தரும், மிச்சம் 5 சொச்சம் நம்ம நஷ்டம். 1956ல அமெரிக்க ராணுவத்துல இருந்த நாலு பேர் மேசைக் கால்குலேட்டரை வச்சே கணக்குப் போட்டு, யோசிச்சு ஆடினா இது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்னு காட்டினாங்க. கீழேதான். நம்ம பக்கம் இல்லை.

அன்னைக்குப் பாட்டிகிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. அதுக்கு மூணு மாசம் முன்னாடி, ஒரு ஆப்ல இதே ஆட்டத்துல மெஸ் ஃபீஸ் 6,000 ரூபாயை விட்டிருந்தேன். ரூல்ஸ் கூடத் தெரியாம பட்டனை அமுக்கிட்டு, லக் இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போதான் அம்மாகிட்ட சொன்னேன். ரூம்மேட்டுக்கு இன்னும் 2,000 பாக்கி.